ஆற்றுநீர் கடலில் கலந்து எத்தனை நாளாயிற்று என்று அளக்க முடியுமா?

கன்னியாகுமரி மாவட்டத் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் குழித்துறை தாமிரபரணி ஆறு கடலில் சேர்ந்தபின் அந்த நீரின் வயதை உப்பளவு சொல்லாதா என்பது கேள்வி. சொல்லாது. உப்பு, கலப்பின் விகிதத்தை மட்டுமே காட்டும். நாள் கணக்குக்கு, தானாகச் சிதைந்து குறையும் கதிரியக்கத் தனிமமான ரேடியம் வேண்டும்.

ஆற்று வண்டலில் ஒட்டியிருக்கும் ரேடியம், உப்புநீர் பட்டதும் கரைசலுக்கு வந்துவிடும். ரேடியம்-224இன் அரைவாழ்வு (பாதியாகச் சிதைய ஆகும் காலம்) சுமார் 3.6 நாள், ரேடியம்-228க்கு 5.75 ஆண்டு. கலப்பு இரண்டையும் ஒரே அளவில் நீர்க்கச் செய்யும். சிதைவு முதலாவதை மட்டும் வேகமாகக் குறைக்கும். ஆகவே 224/228 விகிதம் பொழிமுகத்தில் இருந்ததில் பாதியானால், நீருக்கு வயது 3.6 நாள்.

50 முதல் 100 லிட்டர் நீரை முதலில் வடிகட்டுங்கள். பிறகு மாங்கனீசு டையாக்சைடு பூசிய அக்ரிலிக் நாரின் வழியே நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மிகாமல் விடுங்கள். அவசரப்பட்டால் ரேடியம் பிடிபடாமல் ஓடிவிடும். நாரை ரேடியம் இல்லாத நன்னீரில் அலசி, பிழிந்து, ஈரப்பதத்தோடு வையுங்கள். 224 சிதைந்து வெளிவிடும் ரேடான் வாயுவைக் கொண்டுதான் கருவி 224ஐ எண்ணும். நார் சொட்டச் சொட்ட இருந்தாலும் காய்ந்துபோனாலும் ரேடான் சரியாக வெளிவராது, எண்ணிக்கை குறையும். 224ஐ மூன்று நாளுக்குள் எண்ணிவிட வேண்டும். நாரில் சிக்கிய தோரியம்-228 புதிதாக 224ஐ உண்டாக்கும். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணி அதைக் கழியுங்கள்.

நம் கடற்கரையில் பெரிய சிக்கல் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மோனசைட் மணல். அதில் தோரியம் அதிகம். வடிகட்டியில் தப்பிய நுண்துகளும் கணக்கைக் கெடுக்கும். கரையோர மணலே வழிநெடுக 224ஐச் சேர்த்தால் நீர் உண்மையைவிட இளமையாகத் தெரியும். அலை கலக்கும் ஆழமற்ற பகுதியைத் தவிர்த்து எடுங்கள்.