பட்டியலில் தேடும் ஒரு பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

படித்ததில் பிடித்ததை தினமும் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவேன். பகிரத்தான் போடுகிறேன், பாராட்டுக்காக இல்லை. நெருங்கிய நண்பர் ஒருவர் "எல்லாம் உன் ஈகோ" என்றார். கோபம் வந்துவிட்டது. இன்னொருவர் "உங்களை மாதிரி நேர்மையாகப் பேச இந்தக் குரூப்பில் வேறு ஆளில்லை" என்று சொல்லிச் சொல்லியே என்னை ஒரு சண்டையில் முன்னால் தள்ளிவிட்டார். சண்டை முற்றியதும் அவர் வாயே திறக்கவில்லை. நான் ஏமாற்றப்பட்டேனா, என்னை நானே ஏமாற்றிக்கொண்டேனா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் நடந்திருக்கலாம். இதை மனதிடம் கேட்டால் விடை வராது, திருடனிடமே கணக்குக் கேட்ட கதையாகிவிடும். விரலைக் கவனியுங்கள்.

ஸ்டேட்டஸ் போட்ட பிறகு, பார்த்தவர்கள் பட்டியலை எத்தனை முறை திறக்கிறீர்கள்? திறந்ததும் எல்லாப் பெயரையும் படிக்கிறீர்களா, ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறீர்களா? நாற்பது பேர் பார்த்திருந்தும் அந்த ஒரு பெயர் இல்லையென்றால் யாருமே பார்க்காத மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் ஒருவருக்கு எழுதவேண்டிய கடிதத்தை ஊருக்கே சுவரொட்டியாக ஒட்டுகிறீர்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செய்தியைப் படித்துவிட்டதை அனுப்பியவருக்கு நீல டிக்காகக் காட்டும் 'ரீட் ரிசிப்ட்ஸ்' வசதியை அவர் அணைத்து வைத்திருந்தால், பார்த்தாலும் அவர் பெயர் உங்கள் பட்டியலில் வராது. வராத பெயருக்காகச் சிலர் மாதக்கணக்கில் வருந்துகிறார்கள்.

அதே ரீட் ரிசிப்ட்ஸ்தான் உங்களுக்கான சோதனை. பிரைவசி செட்டிங்ஸில் இருக்கும். நீல டிக்குக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறார்கள். அணைத்தால் உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். (குரூப்பில் மட்டும் நீல டிக் தொடரும்.) முதலில் 10 நாள், இப்போது இருக்கிறபடியே, தினம் எத்தனை ஸ்டேட்டஸ் போடுகிறீர்கள் என்று காகிதத்தில் குறியுங்கள். போனில் வேண்டாம், குறிக்கப் போன விரல் பட்டியலுக்குப் போய்விடும். அடுத்த 10 நாள் அணைத்துவிட்டு எண்ணுங்கள். பகிர்வதற்காகத்தான் என்றால் எண்ணிக்கை பெரிதாக மாறக் காரணமில்லை.

பெரும்பாலும் இது மூன்றாம் நாளே கெட்டுப்போகும். "ஆபீஸ் விஷயமாக அனுப்பிய செய்தியை அவர் பார்த்தாரா என்று தெரியவேண்டும், இன்று மட்டும் திறந்து வைப்போம்" என்று தோன்றும். அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்கும், சிக்கலே அதுதான். காரணத்தையும் நேரத்தையும் எழுதிவைத்துவிட்டு அவரையே போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். கூப்பிட மனம் வரவில்லையென்றால் ஆபீஸ் விஷயம் வெறும் சாக்கு.

எண்ணிக்கை குறைந்தால் கூசிப்போக வேண்டாம். நாலு பேர் பாராட்டவேண்டும் என்பது பசி மாதிரி, எல்லோருக்கும் உண்டு. பசியே இல்லை என்று சொல்லிக்கொண்டு அடுக்களையைச் சுற்றிச் சுற்றி வருபவர்தான் எளிதில் அடுத்தவர் கையில் மாட்டுகிறார். உங்களை முன்னால் தள்ளியவருக்கு அது தெரிந்திருக்கிறது. 'நான் நேர்மையானவன்' என்று நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்த நூலைத்தான் அவர் பிடித்து இழுத்தார்.

ஜோனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் வீடுவீடாகப் போய், பாதுகாப்பாக வண்டி ஓட்டச் சொல்லும் சின்ன அட்டை ஒன்றை வைக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொருவர் போய், வீட்டு முன்னால் அவலட்சணமான பெரிய பலகை ஒன்றை நடலாமா என்று கேட்டார். முன்பு அட்டைக்குச் சம்மதம் கேட்கப்பட்ட வீடுகளில் 76 சதவீதம் சரி என்றன. பலகைக்காகவே முதல்முறை கேட்கப்பட்ட வீடுகளில் ஏறக்குறைய 17 சதவீதம்தான். அட்டைக்குத் தலையாட்டியபோதே 'நான் பொதுநலம் பார்க்கிறவன்' என்று ஒரு நினைப்பு உள்ளே உட்கார்ந்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

உங்கள் சின்ன அட்டை எது? சண்டைக்கு முந்தைய வாரம் அவர் தனியாக அனுப்பிய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். "அந்தப் பதிவைப் பார்த்தீர்களா?", "சும்மா ஒரு கேள்வி மட்டும் கேளுங்களேன்" என்று இருக்கும். ஒவ்வொரு பாராட்டுக்கும் அடுத்த வேண்டுகோளுக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று நேரத்தைப் பாருங்கள். மெய்யான பாராட்டு வந்துவிட்டு அப்படியே நிற்கும், அதன் வாலில் ஒரு வேலை தொங்காது.

அடுத்தமுறை அவர் வந்தால் "நீங்கள் முதலில் எழுதுங்கள், கீழே நான் சேர்ந்துகொள்கிறேன்" என்று மட்டும் பதில் போடுங்கள். "ஐயோ, நான் சொன்னால் எடுபடாது" என்பார். அதுவும் பாராட்டுதான், கவனம்.

உங்கள் நண்பர் 'ஈகோ' என்று ஒரே சொல்லில் முடித்ததில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் வைத்துவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. ஆனாலும் எந்த ஸ்டேட்டஸைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள். 20 நாள் முடிந்ததும் அந்தக் காகிதத்தையும் அவரிடம் காட்டலாம். படமெடுத்து ஸ்டேட்டஸில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.