350 டிபிஐ இன்ஜினுக்கு வலு கூட்டலாம், கம்ப்யூட்டரைக் கழற்ற வேண்டாம்: கேள்வி பதில்

1987 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்களில் 5.7 லிட்டர் வி8 இன்ஜின் வந்தது. 350 என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். பார்த்தால் கார்புரேட்டர் வண்டி மாதிரியே இருக்கும். ஏர் ஃபில்டரைத் தூக்கினால், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடி ஒன்றும் அதன் தலையில் பெட்ரோல் ஊற்றும் இரண்டு இன்ஜெக்டரும் தெரியும். அதைத்தான் டிபிஐ, அதாவது த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் என்கிறோம். என்னிடம் 1990 மாடல் சி1500 பிக்கப் ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த அதே கம்ப்யூட்டரோடுதான் இன்றும் ஓட்டுகிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கேள்வி: அண்ணா, இங்கே டல்லாஸில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும், "அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல கார்புரேட்டர் மாட்டு" என்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

பதில்: குளிர்காலக் காலையில் ஒரே சாவித் திருப்பில் ஸ்டார்ட் ஆவது, டென்வர் மாதிரி உயரமான ஊருக்குப் போனாலும் கலவை தானே சரியாவது, இன்ஜின் தட்டும்போது நாக் சென்சார் அதைக் கேட்டு டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவது, இதெல்லாம் அந்தப் பெட்டியால் கிடைப்பது. கார்புரேட்டர் மாட்டினால் மூன்றும் போய்விடும்.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். அது காற்றை நேராக அளப்பதில்லை. காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சூடு என்று பார்க்கும். பிறகு சிப்பில் எழுதி வைத்திருக்கும் ஒரு அட்டவணையைப் புரட்டி, "இந்த இடத்தில் சிலிண்டருக்குள் இவ்வளவு காற்று போயிருக்கும்" என்று கணக்குப் போடும். வாய்பாடு மாதிரிதான். என் வண்டியில் இருக்கும் 7747 கம்ப்யூட்டரில் அந்த வாய்பாடு, டைமிங் அட்டவணை, மொத்த புரோகிராம் எல்லாம் சேர்த்து 4 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. வாய்பாட்டை எழுதியது கம்பெனி இன்ஜினுக்காக. நீங்கள் ஹெட்டையோ (சிலிண்டருக்கு மேலே வால்வுகள் இருக்கும் பாகம்) கேமையோ (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றினால் அந்த எண்கள் பொய்யாகிவிடும். வண்டி திணறுவது அதனால்தான். எண்களைத் திருத்திக் கொடுங்கள், அதே பெட்டி ஒழுங்காக ஓட்டும்.

கேள்வி: கையில் 300 டாலர்தான் இருக்கிறது சார். முதலில் எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். இருப்பதைச் சரிபாருங்கள். ஃப்யூயல் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள், 9 முதல் 13 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார் பழையது என்றால் புதிது போடுங்கள். த்ராட்டில் பாடிக்குக் கீழே உள்ள கேஸ்கெட்டும் வாக்குவம் குழாய்களும் வெடித்திருக்கின்றனவா பாருங்கள். அடுத்து டைமிங். பழுப்பில் கறுப்புக் கோடு போட்ட ஒற்றை ஒயர் ஒன்று இருக்கும். அதன் கனெக்டரைப் பிரித்துவிட்டு டைமிங் லைட் காட்டி 0 டிகிரியில் வையுங்கள். பிரிக்காமல் வைத்தால் கம்ப்யூட்டர் தானே அட்வான்ஸ் கொடுத்து, அதாவது பொறியை முன்கூட்டியே விட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் பார்ப்பது பொய் அளவு. பலர் தவறுவது இங்கேதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வண்டி ஒல்லியாக, அதாவது பெட்ரோல் குறைந்து ஓடுகிறது என்று சிப்பில் எல்லாக் கட்டத்தையும் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனேன். ஓட்டமும் நன்றாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து ஃப்யூயல் ஃபில்டரை மாற்றினேன், அன்றே கறும்புகை. அடைத்திருந்த ஃபில்டருக்கு ஏற்ற மாதிரி அட்டவணையை எழுதி வைத்திருக்கிறேன்! எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து செய்தேன்.

கேள்வி: கேபிள் வாங்கி லேப்டாப்பில் பார்த்தேன். சீராகப் போகும்போது பிஎல்எம் 140, வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது 118. நல்லதா கெட்டதா?

பதில்: பிஎல்எம் என்பது கம்ப்யூட்டர் ஓட ஓடக் கற்றுக்கொண்ட திருத்தம். 128 என்றால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 140ஐ 128ஆல் வகுத்தால் 1.09. அட்டவணை சொன்னதைவிட 9 சதவீதம் அதிகமாக ஊற்றிக்கொண்டிருக்கிறது. 118 என்றால் 8 சதவீதம் குறைத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஒரே வேகத்தில் போகும்போது வரும் எண்களை மட்டும் எடுங்கள். எந்த ஆர்பிஎம், எந்த மேனிஃபோல்ட் அழுத்தம் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தை அதே விகிதத்தால் பெருக்குங்கள். 7747 லேப்டாப்போடு நொடிக்கு 160 பிட் வேகத்தில்தான் பேசும். ஒரு தடவை எண்கள் புதிதாக வருவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அவசரப்படாமல் நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டிப் பதிவு செய்யுங்கள்.

பம்ப்பில் வரும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால், அதனால் மட்டும் மூன்று நான்கு சதவீதம் கூடுதலாகக் கேட்கும். அது பழுது இல்லை.

கேள்வி: 1996 முதல் வந்த ஜிஎம் இன்ஜின்களின் வோர்டெக் ஹெட் ஒரு ஜோடி மலிவாகக் கிடைத்தது. மாட்டினால் சிப் மட்டும் மாற்றினால் போதுமா? இன்ஜெக்டர் தாங்குமா?

பதில்: இந்த இன்ஜினுக்குச் செய்யக்கூடியதில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டிபிஐ இன்ஜினின் பழைய ஹெட்டில் இன்டேக் வழிக்குள் ஒரு தடுப்பு இருக்கும். காற்றைச் சுழற்றி விடுவதற்காக வைத்தது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக வரும். 4000 பக்கம் போனால் மூச்சு முட்டும். வோர்டெக் ஹெட்டில் அந்த முட்டல் இல்லை. கம்பெனிக் கணக்கிலேயே டிபிஐ 350 பிக்கப்பில் 210 குதிரைசக்தி, வோர்டெக் 350இல் 255.

ஆனால் பழைய இன்டேக் மேனிஃபோல்ட் இதில் உட்காராது. பழையதில் 12 போல்ட், இதில் 8. புது மேனிஃபோல்ட் வாங்கியே ஆக வேண்டும். எக்ஸாஸ்ட் சூட்டை இன்டேக்குக்குக் கொண்டுவரும் வழியும் வோர்டெக் ஹெட்டில் கிடையாது. நமக்குப் பெட்ரோல் மேலிருந்து ஊற்றப்பட்டு மேனிஃபோல்ட் முழுக்க நனைந்து போவதால், குளிரில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஏர் ஃபில்டருக்குச் சுடு காற்று கொண்டுவரும் அந்தத் தகரக் குழாயைத் தூக்கி எறியாதீர்கள். மிஷிகன் குளிரில் அதன் அருமை தெரியும்.

இனி இன்ஜெக்டர். 350இன் இன்ஜெக்டர் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 60 பவுண்டு பெட்ரோல் தரும். இரண்டும் சேர்ந்து 120. முழு நேரமும் திறந்தே வைக்க முடியாது, 85 சதவீதம் என்று வைத்தால் 102. ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை பவுண்டு என்பது வழக்கமான கணக்கு. ஆக 204 குதிரைசக்தியோடு சரி. கம்பெனி இன்ஜினுக்கே இன்ஜெக்டர் விளிம்பில்தான் நிற்கிறது. 255க்குப் போக வேண்டுமானால் மணிக்கு 150 பவுண்டு தரும் திறன் வேண்டும், அதாவது கால் பங்கு கூடுதல்.

பிரஷரை ஏற்றினால் வரும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில்தான் வரும். 12 பிஎஸ்ஐயை 15 ஆக்கினால் பெட்ரோல் 25 சதவீதம் கூடாது, 12 சதவீதம்தான் கூடும். கால் பங்கு கூட வேண்டுமானால் 19 பக்கம் போக வேண்டும். டேங்கில் இருக்கும் பழைய பம்ப் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ரெகுலேட்டரோடு பம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றியதை உடனே சிப்பில் இருக்கும் இன்ஜெக்டர் எண்ணிலும் சொல்ல வேண்டும். 12 சதவீதம் கூடினால் அந்த எண்ணை 1.12ஆல் வகுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு அட்டவணையைத் தொட்டால் கடைசிவரை குழப்பம்தான்.

டைமிங்கையும் பழையபடி விடாதீர்கள். வோர்டெக் அறை வேகமாக எரியும். முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது, மொத்தம் 32 டிகிரி பக்கம் வைத்து, நாக் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போங்கள். முழு த்ராட்டிலில் கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரைப் பார்ப்பதே இல்லை. அங்கே பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் போய்விடும். காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் தயவுசெய்து முழு த்ராட்டில் மிதிக்காதீர்கள். அந்த விகிதம் 12.5 முதல் 12.8 வரை இருந்தால் நிம்மதி.

கேள்வி: ஐடிலில் 'தொப் தொப்'னு சத்தம் வர்ற மாதிரி பெரிய கேம் போடலாமா அண்ணா?

பதில்: அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடினால் மேனிஃபோல்டில் இருக்கும் வாக்குவம் (உறிஞ்சும் விசை) விழும். நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி இன்ஜின் ஐடிலில் 18 அங்குலம் காட்டும் என்று வையுங்கள், பெரிய கேமில் 12 காட்டும். வாக்குவம் குறைந்ததைப் பார்த்ததும் கம்ப்யூட்டர், "ஏதோ பாரம் இழுக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றும். கேம் வாங்கும்போது, வால்வு திறந்திருக்கும் அளவு 0.050 அங்குலத்தில் 205 முதல் 214 டிகிரி, லோப் இடைவெளி 112 முதல் 114. இதற்குள் எடுத்தால் சிப்பில் சமாளித்துவிடலாம். வோர்டெக் ஹெட்டில் வால்வு கைடும் ஸ்பிரிங்கும் மாற்றாமல் 0.450 அங்குல லிஃப்டைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: ஹெடர் (நீளமான எக்ஸாஸ்ட் குழாய்கள்) மாட்டியதும் ஐடிலில் வண்டி மாறி மாறி ஓடுகிறது.

பதில்: ஒற்றை ஒயர் ஆக்சிஜன் சென்சார் ஐடிலில் ஆறிப்போகிறது. ஹீட்டர் உள்ள மூன்று ஒயர் சென்சார் போடுங்கள்.

கேள்வி: என் வண்டி 1995. இதே சிப் வேலை இதற்கும் ஆகுமா?

பதில்: ஆகும், ஆனால் பெட்டி வேறு. உங்களுடையதில் எலக்ட்ரானிக் கியர்பாக்ஸையும் அதே கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. அட்டவணையும் சிப்பும் வேறு. உங்களுக்கு ஒரு வசதி: நொடிக்கு 8192 பிட் வேகத்தில் பேசும், பதிவு சுலபம். ஏர்கண்டிஷன், கியர் எண்களைக் கைவைக்காமல் பெட்ரோல், டைமிங் இரண்டோடு ஆரம்பியுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். புகைச் சோதனையில் பிரச்சினை வருமா?

பதில்: வரும். அங்கே 1976 மாடல் முதல் உங்கள் வண்டி போன்ற பழைய பெட்ரோல் வண்டிகளுக்குச் சோதனை உண்டு, கண்ணால் பார்த்தும் சோதிப்பார்கள். அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் உள்ள பாகங்களை மட்டும் வாங்குங்கள். டெக்சஸில் 25 வருடம் ஆன வண்டிக்கு அந்தச் சோதனை கிடையாது. ஆனாலும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது நாடு முழுக்கச் சட்டவிரோதம். எங்கே இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: இன்ஜினைத் திறக்க மனம் வரவில்லை. வார இறுதியில் படகு டிரெய்லர் இழுக்க வேண்டும், மேட்டில் திணறுகிறது. பின் ஆக்ஸில் கியர் விகிதம் 3.08.

பதில்: அப்படியானால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். பின் ஆக்ஸிலில் 3.73 கியர் போடுங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவை 21 சதவீதம் கூடும். இவ்வளவு வித்தியாசத்தை எந்தச் சிப்பும் தராது. நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் அதே அளவு ஏறும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். கியர் மாற்றிய கையோடு வேக சிக்னலைத் திருத்தும் சின்னப் பெட்டியிலும் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் 60இல் போகும்போது மீட்டர் 73 பக்கம் காட்டும், கம்ப்யூட்டரும் அதையே நம்பும்.