பிரிட்டனின் ராக் இசைக்குழுவான குயீனின் கிதார் கலைஞர் பிரையன் மே, ஒரே கிதாரை இத்தனை காலம் விரும்பி வாசிப்பது ஏன்?

‘ரெட் ஸ்பெஷல்’ என்று பெயர்பெற்ற அந்த மின்கிதார் கடையில் வாங்கியதன்று. பள்ளி மாணவராக இருந்த பிரையன் மே, மின்னணுவியல் அறிந்த தம் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து, மேற்கு லண்டனின் ஃபெல்தம் பகுதியிலிருந்த தம் வீட்டில் 1963-இல் அதைச் செய்யத் தொடங்கினார். முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. ஃபெண்டர், கிப்சன் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் கிதார்களை வாங்கும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இல்லை. தந்தையின் நினைவாகத்தான் அவர் அதைக் கைவிடவில்லை என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தப் பாசம் உண்மைதான் என்றாலும், அவர் விரும்பிய ஒலியைத் தரும்படி அது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்பதே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

கழுத்துப் பகுதிக்கு, பழைய கணப்படுப்பின் மேலிருந்த மகோகனிப் பலகை பயன்பட்டது. அதில் மரப்புழு துளைத்திருந்த ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளுக்கிடையே உள்ள வெண்புள்ளிகள் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். தந்திகளின் இழுவிசையை மாற்றிச் சுருதியை ஏற்றி இறக்க உதவும் டிரெமலோ அமைப்பு கூர்மையான எஃகு விளிம்பின் மேல் ஊசலாடுகிறது. தந்திகளின் இழுவிசைக்கு ஈடாக ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு நிற்கின்றன. உராய்வு மிகக் குறைவாக இருப்பதால், டிரெமலோவின் கைப்பிடியை அழுத்தி விட்டதும் தந்திகள் பழைய சுருதிக்கே திரும்புகின்றன. அக்காலத்து டிரெமலோ கிதார்களில் இது எளிதாகக் கிடைத்த வசதியன்று. உடலுக்குள் வெற்றறைகள் விடப்பட்டிருப்பதும், ஒலிபெருக்கியின் முன் நின்றால் தந்தி தானாகவே நீண்டு ஒலிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான்.

கிதார் வாசிப்பவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் மின்சுற்று. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருள்களான பிக்கப்புகளை முதலில் அவர் தாமே கம்பி சுற்றிச் செய்து பார்த்தார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தபோது அவற்றின் காந்த அமைப்பால் வேண்டாத இரைச்சல் எழுந்ததால், பர்ன்ஸ் நிறுவனத்தின் டிரை-சோனிக் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினார். பெரும்பாலான மூன்று பிக்கப் கிதார்களில் அவை பக்க இணைப்பில் இருக்கும்; இதில் தொடரிணைப்பில் இருப்பதால், இரண்டைச் சேர்த்து இயக்கும்போது அவற்றின் மின்னழுத்தங்கள் கூடி, ஒலி தடித்து வலுப்பெறுகிறது. என் கிதாரிலும் அவ்வாறு கம்பிகளை மாற்றி இணைத்துப் பார்த்தேன். அதே ஒலிபெருக்கியில், அதே அளவில் வைத்தும், ஒலி முன்னைவிடக் கனத்து வந்தது.

அதோடு ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்சுகள் உள்ளன. ஒன்று அதை இயக்கவோ நிறுத்தவோ, மற்றொன்று அதன் கட்டத்தை (phase), அதாவது மின்னலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாக்க. எதிரெதிர்க் கட்டத்தில் இரண்டு பிக்கப்புகளை வைத்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் உணரும் தாழ்ந்த அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, உயர்ந்த மேற்சுரங்கள் மட்டும் எஞ்சி, மெலிந்து கூர்மையான, மூக்கால் பாடுவது போன்ற ஒலி பிறக்கிறது. வழக்கமான ஐந்து நிலைத் தேர்வு சுவிட்சு கொண்ட கிதாரில் இத்தனை சேர்க்கைகளுக்கு இடமில்லை. குயீன் பாடல்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிவு செய்யப்பட்ட கிதார் குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிறத்துடன் கேட்பதற்கு, இந்தச் சேர்க்கைகள் பெரிதும் உதவுகின்றன என்பது என் கணிப்பு.

2002-இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரை மேல் நின்று அவர் பிரிட்டனின் நாட்டுப்பண்ணை வாசித்ததும் இந்தக் கிதாரில்தான். அதன் நகல்கள் இப்போது விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்க எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் உயர்ந்த அதிர்வுகளை வலுப்படுத்தும் டிரெபிள் பூஸ்டர் என்ற கருவி வழியாக, உச்ச ஒலியளவில் வைத்த வாக்ஸ் ஏ.சி. 30 ஒலிபெருக்கியில் வாசிக்கிறார். தந்தியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் தகடான பிளெக்ட்ரமுக்குப் பதிலாக, ஓரத்தில் வரிகள் கொண்ட பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் தந்தியை மீட்டுகிறார். கிதாரை மட்டும் வாங்கி வேறொரு ஒலிபெருக்கியில் இணைத்தால், இசைத்தட்டில் கேட்ட ஒலி அப்படியே வராது.