வெறும் புதர்க்காட்டில் மூன்று நாள்

கேள்வி: மே கடைசி வாரப் பள்ளி விடுமுறைக்கு டார்செட்டில், வேரம் ஊருக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கூடாரம் போட இடம் பிடித்திருக்கிறோம். பத்துக் கூடாரம்கூடத் தாங்காத சின்ன இடம். சுற்றிலும் ஹீத் என்கிற புதர்நிலமும் இயற்கைக் காப்பகங்களும்தானாம். படத்தில் பார்த்தால் வெறும் புதர்தான் தெரிகிறது. எட்டு வயதுப் பையனும் நாயும் கூட வருகிறார்கள். மூன்று நாள் என்ன செய்வது? பாம்பு வேறு உண்டாமே?
- ஒரு வாசகி, ரெடிங்

பதில்: முதல் தடவை போனபோது நானும் இதையேதான் சொன்னேன். உச்சி வெயிலில் கேமராவும் முக்காலியுமாக ஆர்ன் காப்பகத்தை மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று முணுமுணுத்தபடி கூடாரத்துக்குத் திரும்பினேன். ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். எங்கோ தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்கவே இல்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரர்தான் ஏதோ மோட்டார் ஓட்டுகிறார் என்று சண்டைக்கே கிளம்பிவிட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே இருட்டைப் பார்த்துக் கை காட்டினார். பக்கி! (நாம் ஆளைத் திட்ட எடுக்கும் அதே சொல்தான். பாவம், பறவை என்ன செய்யும்.) குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, மே மாதம் இங்கே வந்து வெறுந்தரையில் முட்டையிடும் பறவை அது. சூரியன் மறைந்து அரை மணி கழித்து ஹீத் ஓரப் பாதையில் சும்மா நில்லுங்கள். சத்தம் நின்றதும் தலைக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள் பையனை. ஆண் பறவை சிறகைத் தட்டிக்கொண்டு பறக்கும், இறக்கையில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதை வரவழைக்க வெள்ளைக் கைக்குட்டை ஆட்டுகிறவர்கள் உண்டு. நீங்கள் ஆட்டாதீர்கள்.

அந்தியிலும் அதிகாலையிலும் பார்க்க வேண்டிய இடம் இது. காரில் வந்து போகிறவர்களுக்குக் கிடைக்காதது, அங்கேயே படுத்து எழும் உங்களுக்குக் கிடைக்கும். அதனால் பகலில் அலைய வேண்டாம், தூங்குங்கள்.

ஹெதர் செடி பூத்து நிலமே ஊதாவாக மாறுவது ஆகஸ்டில்தான், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கோர்ஸ் முள்ளில் மிச்சமிருக்கும் மஞ்சள் பூவை முகர்ந்து பாருங்கள், தேங்காய் வாசனை வரும். அதே முள்ளின் உச்சியில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு குட்டிப் பறவை கரகரவென்று பாடினால், அது டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர். 1962-63 கடுங்குளிருக்குப் பிறகு பிரிட்டன் முழுக்க ஏறக்குறைய பத்து ஜோடிதான் மிஞ்சியது. ஹார்ட்லாண்ட் மூரின் சதுப்பில் பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடி இருக்கிறது. பையன் அதைவிட்டு நகர மாட்டான். ஆர்ன், ஹார்ட்லாண்ட் எல்லாம் சேர்த்து 2020இல் 3,331 ஹெக்டேரில் ஒரே தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். முழுவதையும் பார்த்துவிட ஆசைப்படாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பாதை போதும்.

சரி, பாம்பு. பிரிட்டனின் ஆறு வகை ஊர்வனவும் ஆர்னில் உண்டு. விஷம் ஒன்றுக்குத்தான்: ஆடர் என்கிற விரியன், முதுகில் வளைந்து வளைந்து ஓடும் கறுப்புக் கோடு. காலடி அதிர்ந்தாலே நழுவிவிடும். இந்த நாட்டில் அது கடித்து ஒருவர் இறந்தது கடைசியாக 1975இல். கடிபட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதில் மாற்றமில்லை. காலை இளவெயிலில் மணல் ஓரங்களை மெதுவாகப் பார்த்து நடந்தால் பச்சை விலாவோடு ஆண் மணல் பல்லி தெரியலாம். பிடிப்பது சட்டப்படி குற்றம், பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாய்க்குத்தான் உண்மையான கட்டுப்பாடு. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்தவெளி நிலங்களில் இரண்டு மீட்டருக்கு மிகாத கயிறு கட்டாயம். மூக்கை விட்டுப் பாம்புக் கடி வாங்குவதும் பெரும்பாலும் நாய்கள்தான். அப்புறம், அலுமினியத் தட்டில் கரியோடு விற்கும் அந்த பார்பிக்யூ அடுப்பைக் கொண்டே போகாதீர்கள். 2020 மே மாதம் வேரம் காட்டில் சுமார் 200 ஹெக்டேர் எரிந்த பிறகு, அங்கே அந்தத் தட்டுகளைத்தான் பொறுக்கி எடுத்தார்கள்.

பாம்பைவிட நான் பயப்படுவது உண்ணிக்கு. பேண்ட்டை காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால், அது உண்ணி பரப்பும் லைம் நோயின் அறிகுறி, டாக்டரிடம் போங்கள். எனக்கு ஒன்று காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது, இரண்டு நாள் கழித்து மனைவிதான் கண்டுபிடித்தாள்.