ஓர் எழுத்துப் பிழையும் ஒரு வாட்ஸ்அப் மிரட்டலும்

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து சர்க்கரை நோய் மருந்து, காப்பீடு என்று தினமும் விளம்பரக் குறுஞ்செய்திகள் வருகின்றன. வீட்டில் யாரிடமும் நோயைச் சொல்லாதிருந்தேன். மகள் கைப்பேசியைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். போய்க் கேட்டதற்குப் பரிசோதனைக் கூடத்தார் அவமதித்தார்கள். நஷ்டஈடு வாங்க முடியுமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அவர்கள் பேசிய பேச்சு. அது உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று புரிகிறது. வழக்கில் அதற்கு இடமில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே ஒரு வரிதான் வழக்கு: பரிசோதனை ரசீதில் உங்கள் பெயர் 'ன்' என்பதற்குப் பதில் 'ம்' என்று முடிகிறது, குறுஞ்செய்திகளிலும் அதே பிழையோடு உங்களை விளிக்கிறார்கள். இந்த வகை வழக்குகளில் பெரும்பாலானவை, எண்ணை யார் கொடுத்தார்கள் என்று காட்ட முடியாமலே விழுகின்றன. அந்தப் பிழையான பெயரை வேறெங்கும் நீங்கள் தந்ததில்லை என்றால், தகவல் எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது அரிது. நம்பித் தந்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்குக் கொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவுப்படி முறையற்ற வணிக நடைமுறை. வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுக் காலக்கெடு உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் ரத்தம் கொடுப்பதற்கு முன் கையெழுத்திட்ட படிவத்தின் நகலை முதலில் வாங்குங்கள். 'பிற நிறுவனங்களுடன் பகிரச் சம்மதிக்கிறேன்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால் உங்கள் பலம் பாதியாகக் குறைந்துவிடும்.

தொல்லை தரும் விளம்பரச் செய்திகளைப் பற்றி 1909 என்ற எண்ணுக்குப் புகார் அனுப்புவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செய்தி வந்த 7 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பழையவற்றுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது, இனி வருபவற்றுக்கு அனுப்புங்கள். அதனால் செய்தி நிற்கலாம், பணம் வராது. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. நடைமுறைக்கு வந்த பிறகும் 250 கோடி வரையிலான அபராதம் அரசுக் கணக்குக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது.

இனி, என்னைக் கவலைப்பட வைத்த கடைசிப் பத்திக்கு வருகிறேன். வரவேற்பில் இருந்த பெண்ணின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் முகநூலில் போட்டு 'தகவல் திருடி' என்று எழுதியிருக்கிறீர்கள். மேலாளருக்கு '3 லட்சம் தராவிட்டால் ஊரெல்லாம் நாறடித்துவிடுவேன்' என்று வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறீர்கள். வக்கீல் நோட்டீஸில் நஷ்டஈடு கேட்பது உங்கள் உரிமை. பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக உங்கள் மீதே புகார் கொடுக்க முடியும். முகநூல் பதிவு 356இன் கீழ் அவதூறு. அந்தப் பெண் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அவர்தான் கொடுத்தார் என்பதற்கு உங்களிடம் எதுவுமில்லை. உங்கள் எண்ணை யாரோ பரப்பியதற்காகத் துடிக்கிற நீங்கள், அவர் எண்ணைப் பரப்பியிருக்கிறீர்கள்.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களைப் போலவே நியாயம் தன் பக்கம் இருந்த என் கட்சிக்காரர் ஒருவர், ஆத்திரத்தில் ஓர் ஊழியரின் படத்தைப் பகிர்ந்தார். அவர் மீது அவதூறு வழக்கு வந்தது. ஒன்றரை ஆண்டு வாய்தாவுக்கு அலைந்துவிட்டு, எதிர்த்தரப்பு புகாரைத் திரும்பப் பெறுவதற்காகத் தன் நுகர்வோர் மனுவைத் தானே வாபஸ் வாங்கினார். அவரிடமும் உங்களிடம் இருப்பதுபோல் நல்ல சாட்சியம் இருந்தது.

எனவே முகநூல் பதிவை இன்றே நீக்குங்கள். நீக்குமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். அவர்களிடம் அது இருக்கிறது. நீங்கள் அழித்தால் மறைத்தது போலாகும். மேலாளரோடு இனி நேரடிப் பேச்சு வேண்டாம். எரிச்சலில் பல குறுஞ்செய்திகளை அழித்துவிட்டேன் என்கிறீர்கள். மிச்சமிருப்பவற்றைத் தொடாதீர்கள், வழக்கு முடியும்வரை கைப்பேசியை மாற்றவும் வேண்டாம். அச்செடுத்த திரைப்பிடிப்பை மட்டும் நீட்டினால் போதாது. மின்னணுப் பதிவுகளுக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும், மூலக் கருவியான கைப்பேசி உங்களிடம் இருந்தால் அந்தச் சான்றிதழைத் தருவது சுலபம்.

பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிச் சமரசம் பேசுங்கள். ஆம், வழக்குக்கு முன்பே. அந்த எழுத்துப் பிழையை நோட்டீஸில் பார்த்ததும் அவர்கள் வக்கீல் பேச வருவார் என்றே நினைக்கிறேன். உங்கள் தகவல் யார் யாருக்குப் போனது என்ற பட்டியல், எல்லா இடத்திலும் அழித்ததற்கு எழுத்துபூர்வ உறுதி, வருத்தக் கடிதம், வக்கீல் செலவோடு ஒரு நியாயமான தொகை, உங்கள் மீது எந்தப் புகாரும் இல்லை என்ற வாசகம் ஆகியவற்றைக் கேளுங்கள். 3 லட்சத்தை மறந்துவிடுங்கள். கடைசியாகச் சொன்ன அந்த வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.