கிளட்சை மிதித்துப் பாருங்கள்: கியர் வண்டிச் சத்தங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி, வண்டிச் சத்தம் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கியிருக்கிறோம்.

டீசல் கார், 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நியூட்ரலில் நிற்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ‘ரிலீஸ் பேரிங் போச்சு சார், கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் மாத்திரலாம்’ என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், காரைக்குடி

அவசரப்படாதீர்கள். ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதித்ததும் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங், தேய்ந்தால் பெரும்பாலும் மிதிக்கும்போதுதான் கத்தும். உங்கள் வண்டியில் நடப்பது தலைகீழ்.

உள்ளே என்ன சுற்றுகிறது என்று பாருங்கள். நியூட்ரலில், கிளட்சிலிருந்து காலை எடுத்திருக்கும்போது இன்ஜினோடு கிளட்ச் பிளேட்டும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் (இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் தண்டு) சேர்ந்து சுற்றுகின்றன. அதோடு பல் கோத்திருக்கும் கியர்களும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்சை முழுக்க மிதித்தால் ஓரிரு விநாடியில் இவை எல்லாம் நின்றுவிடும். ரிலீஸ் பேரிங் மட்டும் பாரம் தாங்கிச் சுற்றும். ஆகவே மிதித்ததும் அடங்கும் சத்தம் என்றால் சந்தேகம் இரண்டு இடத்தில்: இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது கியர்களின் பல் ஆட்டம்.

இரண்டையும் பிரிப்பது சுலபம். நியூட்ரலில் ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து 1,500 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். சத்தமும் கூடவே ஏறி ஊங்... என்று இழுத்தால் பேரிங். ஐடிலிங்கில் மட்டும் கடகடவென்று உதறி, வேகம் ஏறியதும் காணாமல் போனால் அது பல் ஆட்டம். டீசல் இன்ஜின் குறைந்த வேகத்தில் வெட்டி வெட்டிச் சுற்றும். அந்த வெட்டை உள்வாங்கிக்கொள்ளத்தான் கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. சில வண்டிகளில் அதே வேலைக்கு இரட்டைத் தட்டு ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) உண்டு. அவை தளர்ந்தால் கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதும். கியர் ஆயில் குறைந்தாலும் இதே சத்தம் கேட்கும். அதனால் முதலில் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு எதையும் இறக்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் ரிலீஸ் பேரிங் எப்போதும் லேசாகத் தொட்டபடியே சுற்றும். அது தேய்ந்திருந்தால் காலை எடுத்த நிலையிலும் முனகலாம். பெடலை ஒரு விரல் கனத்துக்கு மட்டும் அழுத்துங்கள். கிளட்ச் இன்னும் விடுபட்டிருக்காது, இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சிறு அழுத்தத்திலேயே சத்தம் மாறினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. பெடல் பாதி இறங்கிய பிறகுதான் அடங்கினால், கோளாறு கியர் பாக்ஸுக்கு உள்ளே.

இந்த வித்தியாசம் பணத்தில் தெரியும். இன்புட் ஷாஃப்ட் பேரிங்தான் காரணம் என்றால், புது கிளட்ச் செட் போட்டு மூடிய பிறகும் அதே சத்தம் வரும். மறுபடி இறக்க இன்னொரு லேபர். எப்படியும் பாக்ஸ் இறங்குகிறது என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே லாபம். கிராங்க் பின்பக்க ஆயில் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல் இரண்டிலும் கசிவு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ரிவர்ஸ் போடும்போது கர்ர் என்று பல் உரசுகிறது. சில நேரம் இரண்டாவது கியரிலும். என் கணவர் நான் ஓட்டுவதுதான் சரியில்லை என்கிறார்.
– வாசகி, தேவகோட்டை

ரிவர்ஸுக்கும் இரண்டாவது கியருக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் (பல் கோக்கும் முன் இரு பக்க வேகத்தையும் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகு, கிளட்சை அடி வரை மிதித்து மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். அல்லது ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்குப் போங்கள்; உள்ளே சுற்றும் ஷாஃப்ட் அதில் நின்றுவிடும்.

பத்து விநாடி காத்தும் உரசினால் உங்கள் மேல் தப்பில்லை. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. முதலில் காலடியைப் பாருங்கள்: தடிமனான மேட் சுருண்டு பெடலை அடி வரை இறங்க விடாமல் தடுத்திருக்கும். இதற்குக்கூட கியர் பாக்ஸ் வரை போனவர்கள் உண்டு. கேபிள் கிளட்ச் என்றால் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) கூடியிருக்கும், சரிசெய்யலாம். ஹைட்ராலிக் என்றால் ஃப்ளூயிட் அளவையும், பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் அருகே ஈரக்கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான், அதனால் அளவு குறைந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லா கியரும் சுத்தமாக விழுந்து இரண்டாவது மட்டும் உரசினால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் மாற்றினால் சிறிது மட்டுப்படும். தீர்வு பாக்ஸைப் பிரிப்பதுதான்.

ரிவர்ஸில் போகும்போது ஊய்ங் என்று கேட்கும் சத்தத்தைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். பல வண்டிகளில் அந்த கியருக்கு நேர்ப்பற்கள், அதன் சுபாவம் அப்படி.

சென்னையில் இருக்கிறோம். ஊரில் உள்ள கார், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும். மழைக்காலம் முடிந்து வந்து ஸ்டார்ட் செய்தால் எந்த கியரும் விழவில்லை, உரசுகிறது. முன்சக்கரத்திலும் கரகர.
– வாசகர், கானாடுகாத்தான்

கியர் பாக்ஸைத் தொடாதீர்கள். மாதக்கணக்கில் நின்றதில், ஈரத்தில், கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தாலும் பிரியாது.

இன்ஜினை 15, 20 நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, வண்டியை முன்னால் ஆளோ சுவரோ இல்லாத நீண்ட வெளியில் தள்ளி நிறுத்துங்கள். இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒட்டியிருந்தால் வண்டி அப்படியே நகரத் தொடங்கும். கிளட்சை விடாமல் ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து எடுங்கள், நடுவில் பிரேக்கையும் தொடுங்கள். டக்கென்று விடுபடும். ஐந்தாறு முறையில் விடுபடவில்லை என்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வீட்டு முகப்பிலேயே இதை முயல வேண்டாம்.

முன்சக்கரக் கரகர, பிரேக் டிஸ்க்கில் படிந்த துரு. பத்துப் பதினைந்து முறை மிதமாக பிரேக் பிடித்தால் போய்விடும். அடுத்த முறை விட்டுப் போகும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது பத்து கி.மீ. ஓட்டினால் இந்தத் தொல்லையே இராது. நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் கிளட்சுக்கு ஒரு பயனும் இல்லை.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினால் டக் டக் டக். இது கியர் பாக்ஸா?
– வாசகர், பள்ளத்தூர்

இல்லை, ஆக்சிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட். சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு அது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க உங்கள் ஊரே போதும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகளின் பக்கச்சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு 15 கி.மீ. வேகத்தில், ஸ்டியரிங்கைச் சற்று வளைத்து வளைத்து ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் காதில் தெளிவாக விழும். ஒரு சக்கரம் சுவர்ப்பக்கம் வர ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை. எந்தப் பக்கத்தில் சத்தம் பலமோ அதுதான்.

பிறகு சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்து, ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்திருந்தால் கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கும், உள்ளே செம்மண் புகுந்து அரைத்திருக்கும். சத்தம் வரும் முன்பே கிழிசலைக் கண்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள்: ஜாயின்ட்டைக் கழுவி, சிவி ஜாயின்ட் கிரீஸ் அடைத்து, புது உறையும் கிளிப்பும் போட்டால் முடிந்தது. டக் டக் தொடங்கிவிட்டால் ஜாயின்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

பிள்ளையார்பட்டி ரோட்டில் 60-ஐத் தாண்டினால் ஊங் என்று ஓர் ஓசை. கியர் மாற்றினாலும் போகவில்லை.
– வாசகர், குன்றக்குடி

கியர் மாற்றியும் போகவில்லை என்று நீங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். நேரான காலிச் சாலையில் 60-ல் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். ஓசை அப்படியே நீடித்தால் வீல் பேரிங் அல்லது டயர். ஆக்சிலேட்டரை விட்டால் மாறி, கொடுத்தால் திரும்ப வந்தால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) பக்கம் பாருங்கள்.

வீல் பேரிங்கா என்றறிய, ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். பாரம் இடச்சக்கரத்துக்குப் போகும். ஓசை கூடினால் இடப்பக்க பேரிங், குறைந்தால் வலப்பக்கம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி இன்னொரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைத்தால் மணல் அரைவது போல உணரலாம். சாலைப் பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் அது டயர்.

கியர் ஆயில் எவ்வளவு, எது? அப்பச்சி ஓட்டிய 4 கியர் அம்பாசடருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் கியர் கர்ர் என்கிறது.
– வாசகர், புதுவயல்

அம்பாசடரில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. நின்ற பிறகு போடுங்கள், ஓடும்போது வேண்டாம். இன்ஜின் பின்சக்கரத்தை ஓட்டும் வண்டி என்பதால், புறப்படும்போது லொட்டென்று ஒரு இடி கேட்டால், பின்னால் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை (மூட்டு) பாருங்கள்.

இன்ஜின் முன்சக்கரத்தை ஓட்டும் சிறிய கார்களுக்கு இரண்டு லிட்டரை ஒட்டி ஆயில் பிடிக்கும். சரியான அளவும் ரகமும் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஜி.எல். என்பது கியர் ஆயிலின் தரக் குறியீடு; ஜி.எல்-4 என்று போட்டிருந்தால் ஜி.எல்-5 உயர்ந்தது என்று நினைத்து ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சிங்க்ரோவின் பித்தளையைப் பல இடங்களில் அரிக்கும். பின் டிஃபரன்ஷியலுக்குப் பல வண்டிகளில் ஜி.எல்-5தான் கேட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காத நிலையில் கீழே ஆயிலை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பெரும்பாலான பாக்ஸ்களில் நிரப்பும் துளையின் கீழ் உதடு வரை ஆயில் வந்தால் போதும். வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் துடைக்கும் முன் பாருங்கள்: சாம்பல் நிறக் குழைவு சாதாரணம், நகம் போன்ற இரும்புச் சில்லு என்றால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. வடித்த ஆயிலில் பித்தளைத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ. வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.