பத்துப் புள்ளியில் என்ன இருக்கிறது? ஸ்டெல்லாரிஸ் சோதனைப் பதிப்புகள் பற்றிக் கேள்வி பதில்

விண்வெளிப் பேரரசு கட்டி ஆளும் கணினி உத்தி விளையாட்டான ஸ்டெல்லாரிஸில் ஒரு பெரிய புதுப்பிப்புக்கு முன்னால் சோதனைப் பதிப்பு வரும்போதெல்லாம் ஒரே காட்சிதான். மாற்றப்பட்டியலை முழுதாகப் படிப்பதற்குள் பாதிப் பேர் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் "இதெல்லாம் ஒரு மாற்றமா?" என்பார்கள். விளையாட்டு வெளிவந்த 2016 மே மாதத்திலிருந்து ஆடுகிறேன், சோதனைப் பதிப்புகளை நோண்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது என்பதால் கேள்விகள் என் பக்கம் திரும்பியிருக்கின்றன. கப்பல் சண்டை பற்றியவைதான் அதிகம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொர்வெட் காதலன்: அண்ணா, கொர்வெட் என்ற சின்னக் கப்பலின் எவேஷனில் (குண்டிலிருந்து தப்பிக்கும் வாய்ப்பில்) வெறும் பத்துப் புள்ளி குறைத்தால் "கொர்வெட் செத்துப்போச்சு" என்று ஒப்பாரி வைக்கிறார்களே. பத்துப் புள்ளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

ஒப்பாரி சில சமயம் நியாயம்தான் தம்பி. ஒரு தாளை எடுத்துக்கொள். விளையாட்டின் உண்மையான எண்கள் வேண்டாம், கணக்கு புரிவதற்காக நாமே எண் வைத்துக்கொள்வோம்.

ஒரு கொர்வெட் ஒரு நாளைக்கு 1 சேதம் செய்யும், அதன் உயிர் 8. பெரிய போர்க்கப்பலான பேட்டில்ஷிப் நாளைக்கு 8 சேதம் செய்யும், அதன் உயிர் 64. படை வரம்பில், அதாவது ஒரு பேரரசு தாங்கக்கூடிய மொத்தக் கப்பல் இடத்தில், கொர்வெட் 1 இடம் பிடிக்கும், பேட்டில்ஷிப் 8 இடம். ஆக எட்டு கொர்வெட்டும் ஒரு பேட்டில்ஷிப்பும் எல்லா வகையிலும் சமம். மோதவிடு.

எவேஷனே இல்லையென்றால் பேட்டில்ஷிப் நாளைக்கு ஒரு கொர்வெட்டை வீழ்த்தும். கொர்வெட் கூட்டம் முதல் நாள் 8 அடி அடிக்கும், மறுநாள் 7, அப்புறம் 6, 5 என்று இறங்கிக்கொண்டே போகும். எல்லாம் கூட்டினால் 36. பேட்டில்ஷிப் 28 உயிரோடு நிற்கும், எதிரே ஒரு கொர்வெட்டும் மிச்சமிருக்காது. சமமான இரண்டு பக்கம் மோதியதில் ஒரு பக்கம் துடைத்தெறியப்பட்டது! காரணம், பெரிய கப்பல் கடைசி உயிர் இருக்கும்வரை முழு வேகத்தில் சுடும். கூட்டமோ ஆள் குறையக் குறையச் சுடுவதும் குறையும்.

இப்போது கொர்வெட்டுக்கு 50 விழுக்காடு தப்பிக்கும் வாய்ப்பு கொடு. ஒன்றை வீழ்த்தச் சராசரியாக இரண்டு நாள் ஆகும். 8, 8, 7, 7, 6, 6 என்று கூட்டிக்கொண்டே வா. பன்னிரண்டாம் நாள் கூட்டுத்தொகை 66. பேட்டில்ஷிப் காலி, இரண்டு கொர்வெட் மிச்சம்.

அந்த 50-ஐ 40 ஆக்கு. கொர்வெட் கூட்டம் மொத்தமாகச் செய்யும் சேதம் சராசரியாக 60. பேட்டில்ஷிப் 4 உயிரோடு தப்பித்துவிடும், கொர்வெட் அத்தனையும் போய்விடும். மாற்றியது பத்துப் புள்ளிதான். யார் ஜெயிப்பது என்பதே மாறிவிட்டது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிற்கும் இடத்தில் ஒரு சின்னத் தள்ளு போதும். ஏற்கெனவே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் இருபது புள்ளி குறைத்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் 90-இலிருந்து 80 ஆவதும், 40-இலிருந்து 30 ஆவதும் ஒன்றா?

ஒன்றே இல்லை. இங்குதான் பலர் வழுக்குகிறார்கள்.

ஸ்டெல்லாரிஸில் குண்டு படும் வாய்ப்பைக் கணக்கிட மூன்று எண்கள்: ஆயுதத்தின் அக்யூரசி (குறி தவறாமை), அதன் டிராக்கிங் (நழுவும் இலக்கைத் தொடரும் திறன்), எதிரியின் எவேஷன். எவேஷனிலிருந்து டிராக்கிங்கைக் கழித்து, மிஞ்சுவதை அக்யூரசியிலிருந்து கழிக்க வேண்டும். எவேஷன் 90-க்கு மேல் போகாது.

ஒரு பெரிய பீரங்கிக்கு அக்யூரசி 85, டிராக்கிங் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் எவேஷன் 90 என்றால் 85-இல் 85 கழித்து பூஜ்யம். எவ்வளவு நேரம் சுட்டாலும் படாது. எவேஷன் 80 ஆனால் 10 விழுக்காடு படும். இதை எத்தனை மடங்கு கூடியது என்று சொல்வதே முடியாது, இல்லாத ஒன்று வந்துவிட்டது. அதே மாற்றம், அதே அக்யூரசியும் டிராக்கிங் 50-உம் உள்ள சின்னத் துப்பாக்கிக்கு 45-ஐ 55 ஆக்கும், அவ்வளவுதான். பேட்டில்ஷிப்பின் அடிப்படை எவேஷன் 5. அதை இலக்கு வைக்கும்போது டிராக்கிங்கை 10-இலிருந்து 60 ஆக்கினாலும் ஒரு பயனும் இல்லை, 10-லேயே கழிக்க எவேஷன் எதுவும் மிஞ்சவில்லை.

அதனால் மாற்றப்பட்டியலில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அந்த எண் எந்தக் கழித்தலுக்குள் போகிறது என்று பாருங்கள்.

ஒரே படை: எல்லாக் கப்பலையும் ஒரே கூட்டமாகக் குவித்து அனுப்புவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே உத்தி. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதையே குறிவைக்கிறார்களே, ஏன்?

அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதால்தான். ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் முதல் உலகப்போர்க் காலத்திலேயே இதை எழுதி வைத்துவிட்டார். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய சண்டையில் படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது.

உங்களிடம் 20 கப்பல், எதிரியிடமும் 20. ஆனால் அவர் பத்து பத்தாகப் பிரித்து அனுப்புகிறார். முதல் பத்தோடு மோதினால் 400-இல் 100 கழித்து 300. அதன் வர்க்கமூலம் 17 சொச்சம். அடுத்த பத்தும் வந்தால் 300-இல் 100 போக 200. வர்க்கமூலம் 14. இருபதை அழித்துவிட்டு நீங்கள் இழந்தது ஆறு. இப்படி இருந்தால் யார்தான் படையைப் பிரிப்பார்கள்?

2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பு இதை நான்கைந்து பக்கத்திலிருந்து கட்டுப்படுத்தப் பார்த்தது. ஒரு படைத்தலைவர் எத்தனை கப்பலை நடத்தலாம் என்று வரம்பு வந்தது. எண்ணிக்கையில் குறைந்த பக்கம் வேகமாகச் சுடும் சலுகை வந்தது. அடிபட்டு உடல் பாதிக்குக் கீழ் இறங்கிய கப்பல் சாகாமல் களத்தைவிட்டு நழுவும் வாய்ப்பும் கிடைத்தது. போர்ச் சோர்வும் சேர்ந்துகொண்டது. அதுவரை விண்வெளியில் பயணிக்க மூன்று வழி இருந்ததை ஹைப்பர்லேன் (நட்சத்திரங்களை இணைக்கும் நிலையான பாதை) ஒன்றாகக் குறைத்தார்கள், எல்லையைக் காப்பதற்கு ஓர் அர்த்தம் வந்தது. அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கும் நீக்கப்பட்ட வழிகளில் ஒன்றான வார்ம்ஹோல் போனதில் வருத்தம்தான். ஆனாலும் அந்த மாற்றம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

குவிப்பது ஒழிந்ததா என்றால், இல்லை. வர்க்கக் கணக்கைச் சலுகைகளால் மழுக்கலாம், அழிக்க முடியாது.

டார்பிடோ தாத்தா: 3.6-இல் டார்பிடோவுக்கு என்ன செய்தார்கள்? நான் நடுவில் இரண்டு வருடம் ஆடவில்லை.

2022 நவம்பரில் வந்த 3.6 ஓரியன், கப்பல் சண்டையில் எனக்குப் பிடித்த மாற்றம் ஐயா. அடிபடும் கப்பல் எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப டார்பிடோவின் சேதம் கூடும்படி செய்தார்கள். டார்பிடோ சுமக்க ஃபிரிகேட் என்று புதிதாக ஒரு சின்னக் கப்பலும் வந்தது. அதற்கு முன் ஆட்டத்தின் பின்பாதி பெரும்பாலும் பீரங்கி பேட்டில்ஷிப்பை அடுக்குவதில்தான் முடியும். தூரத்திலேயே நின்று சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஃபிரிகேட் நெருங்கிவிட்டால் பேட்டில்ஷிப்புக்கு வலிக்கும். டார்பிடோவைப் பாயிண்ட் டிஃபன்ஸ் (தற்காப்புத் துப்பாக்கி) வைத்த டிஸ்ட்ராயர் கப்பல் நடுவழியில் சுட்டு வீழ்த்தும். அந்த டிஸ்ட்ராயரைப் பேட்டில்ஷிப் நசுக்கும். யாரையும் பலவீனமாக்காமல், ஒவ்வொருவருக்கும் ஒரு பகையாளியைக் கொடுத்தார்கள். இந்த மாதிரி மாற்றம் வெறும் எண் குறைப்பைவிடப் பத்து மடங்கு நல்லது என்பது என் கட்சி.

புதுமுகம்: சோதனைப் பதிப்பை எப்படிப் போடுவது? என் பழைய ஆட்டம் போய்விடுமா?

விளையாட்டுகளை வாங்கி இயக்கும் ஸ்டீம் செயலியில் விளையாட்டின் பெயர் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், பீட்டாஸ் பகுதியில் பட்டியலைத் திறந்தால் சோதனைப் பதிப்பு கிடைக்கும். அதே பட்டியலில் பழைய பதிப்புகளும் இருக்கும். ஆகவே நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை முடிக்க வேண்டுமானால் அதன் பதிப்பிலேயே இருந்து முடித்துவிடுங்கள். பழைய சேவ் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தால் திறக்கலாம், ஆனால் உள்ளே எது உடைந்திருக்கிறது என்று ஐம்பது வருடம் ஆடிய பிறகுதான் தெரியும். முதலில் சேவ் கோப்புறையை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். மாட்களை (ஆட்டக்காரர்கள் செய்த மாற்றத் தொகுப்புகளை) எல்லாம் அணைத்துவிடுங்கள். நண்பர்களோடு ஆடுவதென்றால் எல்லோரும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும்.

நால்வர் அணி: மாட் போட்டுச் சோதித்தால் என்ன தப்பு?

நீங்கள் பார்ப்பது மாட்டின் குறையா, விளையாட்டின் குறையா என்று உங்களுக்கே தெரியாது.

மக்கள் தலைவி: என் கிரகத்தில் 40 பேர் இருப்பார்கள், 4.0 போட்டதும் 4,000 என்று காட்டியது. பிழை என்று புகார் எழுதப் போனேன்...

நல்லவேளை கேட்டீர்கள். 2025 மே மாதத்து 4.0-இல் பழைய ஒரு பாப் (மக்கள்தொகை அலகு), நூறாக எண்ணப்படுகிறது. தனித்தனி ஆளாக வைத்திருந்ததைக் குழுக்களாக்கிவிட்டார்கள். எண் பெரிதானதே தவிர உங்கள் கிரகத்தில் கூட்டம் கூடவில்லை. அதே பதிப்பில் வணிகம் சேமித்துவைக்கும் வளமாகவும் மாறியது. இப்படி அலகே மாறும் பதிப்பில் பழைய எண்ணோடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது, இறங்கிவிட்டது" என்று எழுதுவதில் பயனில்லை. ஒரு புதிய கப்பல் கட்ட எத்தனை மாத வருமானம் வேண்டும் என்பது போன்ற விகிதத்தைப் பாருங்கள்.

அகலக்கால்: பெரிய பேரரசு கட்டுபவர்களை ஏன் எப்போதும் தண்டிக்கிறார்கள்? 3.3-இல் தொடங்கியது இது.

தண்டனை என்று சொல்லமாட்டேன். 3.3-க்கு முன் பேரரசு பெருத்தால் அதிகாரிகளை வேலைக்கு வைத்தால் போதும், நிர்வாக வரம்பு உயர்ந்துவிடும். பெருப்பதற்கு ஒரு விலை என்று எழுதி வைத்துவிட்டு, அந்த விலையை ரத்து செய்ய ஒரு கட்டடமும் கொடுத்திருந்தார்கள்! 2022-இன் தொடக்கத்தில் யூனிட்டி என்ற வளம் தொடர்பான மாற்றங்களைத் திறந்த சோதனையாக விட்டு, பிறகு 3.3-இல் அந்த வழியை நீக்கினார்கள். பேரரசின் அளவு 100-ஐத் தாண்டினால் ஆராய்ச்சிச் செலவு கூடும், தப்ப வழியில்லை. அதிகாரிகள் யூனிட்டி உற்பத்திக்குப் போனார்கள். இன்றைக்கும் பெரிய பேரரசுதான் பெரும்பாலும் முந்துகிறது, கொஞ்சம் மூச்சுவாங்கிக்கொண்டு.

உடைந்த இதயம்: எனக்குப் பிடித்த உத்தியைச் சோதனைப் பதிப்பில் வெட்டிவிட்டார்கள். சோதனை என்பதே கண்துடைப்பா? முடிவு முன்பே எடுத்துவிடுகிறார்களா?

வேறொரு விளையாட்டிலிருந்து இரண்டு கதை. ஸ்டார்கிராஃப்ட் 2-இன் முதல் விரிவாக்கத்துக்கு 2012-இல் சோதனை நடந்தபோது வார்ஹவுண்ட் என்ற புது இயந்திரம் இருந்தது. கூட்டமாகச் செய்து எதிரி பக்கம் அனுப்பினால் போதும், யோசிக்க வேண்டியதில்லை. சோதித்தவர்கள் கத்தினார்கள், சோதனைக் காலத்திலேயே முழுதாக நீக்கிவிட்டார்கள். கண்துடைப்பு அப்படி நடக்காது.

இன்னொன்று அதே ஆண்டு மே மாதம். ஸெர்க் இனத்தின் குவீன் என்ற உயிரி தரை இலக்குகளைச் சுடும் தூரத்தை 3-இலிருந்து 5 ஆக்கினார்கள். தொடக்கத்தில் தற்காத்துக்கொள்ள உதவட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் தொடக்கம் பாதுகாப்பானதும் ஸெர்க் ஆட்டக்காரர்கள் நிம்மதியாகப் பின்பாதிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே காத்திருந்த புரூட் லார்டு, இன்ஃபெஸ்டர் என்ற இரு ஸெர்க் படைவகைகளின் கூட்டணி மாதக்கணக்கில் எல்லோரையும் வதைத்தது. மாற்றிய இடம் ஒன்று, வலித்த இடம் வேறு. உங்கள் உத்தியை வெட்டினார்கள் என்கிறீர்களே, அதை எதிர்த்து ஆடியவர்கள் அதுவரை என்ன செய்ய முடியாமல் இருந்தார்கள் என்றும் ஒருமுறை பாருங்கள்.

தனிமை விரும்பி: நான் கணினியோடு மட்டும் ஆடுகிறேன். பலருடன் ஆடுபவர்களுக்காகச் செய்யும் சமநிலை எனக்கு எதற்கு?

பாதி நியாயமான கேள்வி. கணினி தன் கப்பலை வடிவமைக்கும்போது, ஒவ்வொரு பாகத்துக்கும் கோப்பில் எழுதிவைத்த முன்னுரிமை எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். மனிதர்கள் இரண்டே நாளில் புதிய ஆயுதத்துக்கு மாறிவிடுவார்கள், கணினியோ கோப்பில் அந்த எடையை மாற்றும்வரை பழையதையே மாட்டிக்கொண்டு வரும். அதனால் புதுப்பிப்பு வந்த புதிதில் தனியாக ஆடுபவர்களுக்கு எல்லாம் சுலபமாகத் தெரியும். உயர்ந்த கடினநிலையில் கணினிக்குக் கிடைப்பது கூடுதல் வளம்தான், கூடுதல் புத்தி இல்லை. கணினி ஏன் இன்னும் டார்பிடோவே வைப்பதில்லை என்பது போன்ற குறிப்பை நீங்கள்தான் எழுத முடியும். பலருடன் ஆடுபவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

அரைகுறை: கருத்து எழுதினால் யாராவது படிப்பார்களா? எப்படி எழுதுவது?

"மிசைல் குப்பை" என்று எழுதினால் படித்து என்ன செய்வார்கள்? எந்தப் பதிப்பு, ஆட்டத்தில் எந்த ஆண்டு, இரண்டு பக்கத்துக் கப்பல் வடிவமைப்பு, படை வரம்பில் யாருக்கு எத்தனை இடம், சண்டை முடிந்ததும் வரும் அறிக்கையின் படம், இவ்வளவு இருந்தால் போதும். ஒரு சண்டையை வைத்து முடிவு கட்டாதீர்கள். சண்டைக்கு முந்தைய சேவ் கோப்பைத் திறந்து குறைந்தது பத்து முறை மோதவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். அயர்ன்மேன் ஆட்டத்தில் (பழைய சேவுக்குத் திரும்ப முடியாத வகை) இது நடக்காது, சாதாரண ஆட்டமாகத் தொடங்குங்கள்.

கொர்வெட் காதலன்: அண்ணா, தாளில் போட்டுப் பார்த்தேன். எட்டுக்குப் பதில் ஒன்பது கொர்வெட் அனுப்பினால் 40 விழுக்காட்டிலும் ஜெயிக்கிறதே?

ஜெயிக்கும். 9-இலிருந்து 1 வரை கூட்டினால் 45, அதைச் சுமார் 1.67-ஆல் பெருக்கினால் 75. பேட்டில்ஷிப்பின் 64-ஐத் தாண்டிவிட்டாய். ஆனால் படை வரம்பில் ஓர் இடம் கூடுதலாகச் செலவழித்திருக்கிறாய், எதிரி அந்த இடத்தில் என்ன வைப்பான் என்று இன்னொரு தாள் எடு.